ராஜாவிடம் சொன்னதை டாக்டரிடம் சொல்லாத அப்பா

அன்பும் மதிப்பும் மிக்க பெரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் சூ-யுவான் பணிவோடு எழுதுவது. தைப்பேயில் மழை விட்டிருக்கும் என்றும், மாமாவின் முழங்கால் மாடிப்படிகளோடு சமாதானமாகியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நான் நலம், அம்மா நலம், நாய் நலம். அப்பா நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதை அவரே காலையிலிருந்து மாலைவரை சொல்லிக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதாகிவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தைப்பே எண்ணை நான் அழுத்தத் தொடங்கினாலே அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். நீங்கள் சனிக்கிழமை காலை கிளம்பும் முதல் பஸ்ஸில் இங்கே வரவேண்டும். காரணத்தை முதலில் சொல்லி, கோரிக்கையைக் கடைசியில் வைக்க வேண்டும் என்று கட்டுரை வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டேன், மன்னியுங்கள். காரணம் இனிமேல் வருகிறது.

அப்பாவுக்கு நெஞ்சில் ஏதோ ஆகிறது. ஆரஞ்சு பறிக்கத் தொடங்கியதிலிருந்து கவனிக்கிறேன். கூடையோடு மேட்டில் ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறார். நிற்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று பக்கத்திலிருக்கும் மரத்தில் ஓர் இலையைப் பிடித்து, பூச்சி பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். முகம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் சரியாகி மறுபடி நடக்கிறார். ஒரு நாள் அவர் அப்படி அக்கறையாகப் பூச்சி பார்த்தது மின்கம்பத்தில். என்னப்பா என்று கேட்டால், "கடுகுக்கீரை ஊறுகா ஏப்பம், புள்ள" என்கிறார். நான் பள்ளி நூலகத்தில் இருக்கும் வீட்டு மருத்துவப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். மேடு ஏறினால் வந்து, நின்றால் போகும் ஏப்பம் என்று அதில் எங்கேயும் இல்லை. வேறொன்று இருக்கிறது, அது இருதயத்தைப் பற்றிய பாடத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து அப்பாவை டாக்டரிடம் பேசவைப்பது என்று தீர்மானம் செய்துகொண்டேன். கூட்டிப் போவது சுலபம், அத்தை. பேசவைப்பதுதான் நடக்கவில்லை.

டாக்டர் வெங்கை உங்களுக்குத் தெரியாது. போன கோடையில் நம் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்தவர், தைனான்காரர், ஹோக்லோ மொழி பேசும் வீட்டுப் பிள்ளை, மிகவும் சின்னவர். நம்மைப் போல ஹக்கா பேசும் ஊருக்கு வந்தால் ஹக்காவில்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்து, கேசட் வாங்கிக் கேட்டு, நர்ஸ் பெங் அக்காவிடம் தினமும் பாடம் படித்து, பேசவும் கற்றுக்கொண்டார். கேசட் மியாவ்லி பக்கத்து ஹக்கா என்பதால் நாம் குரலை ஏற்றும் இடத்தில் அவர் இறக்குகிறார், அவ்வளவுதான், மற்றபடி எல்லாம் புரிகிறது. இவ்வளவு நல்ல மனிதர் ஊருக்குக் கிடைத்தால் ஊர் என்ன செய்ய வேண்டும்? வாயைத் திறந்து ஹக்காவில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நம்மவர்களுக்கு டாக்டர் என்றால் மாண்டரின். படித்தவரிடம் படித்தவர் பாஷையில் பேசுவதுதான் மரியாதை என்று எல்லாரும் தலைவாரிக்கொண்டு வந்து மாண்டரினில் ஆரம்பிக்கிறார்கள். அவர் ஹக்காவில் கேட்டால், எனக்கு மாண்டரின் தெரியாதென்று நினைத்துவிட்டாரா என்று சிலருக்குக் கோபம். தேயிலை ஆலை ஜியாங் தாத்தா அந்தக் கோபத்தில் கடைசிவரை, ஜப்பான்காரர் காலத்துப் பள்ளியில் படித்த ஜப்பானிய மொழியிலேயே பதில் சொல்லிவிட்டு வந்தார். டாக்டரோ, தன் ஹக்கா போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு கேசட் வாங்கினார். இப்படியாக அந்த அறையில் அவர் ஹக்காவில் கேட்பதும், நம்மவர்கள் மாண்டரினில் சொல்வதும், இரண்டு பக்கமும் மரியாதையிலேயே நடக்கிறது. நம் ஆட்களுக்குக் கழுத்து வளையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள் அல்லவா? தைனான்காரர்களுக்கும் அப்படித்தான் என்று இப்போது தெரிந்துகொண்டோம்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது, கவலைப்பட என்ன இருக்கிறது என்றால், நம் பெரியவர்கள் பேசும் மாண்டரினில் வலிக்கு வார்த்தையே இல்லை. அது பள்ளிக்கூடத்திலும் டிவி செய்தியிலும் கற்ற மாண்டரின். நன்றி சொல்லலாம், வரவேற்கலாம், கூட்டத்தை முடித்துவைக்கலாம். பன்றி வளர்க்கும் லோ மாமாவுக்கு வயிறு போய்க்கொண்டே இருந்தபோது, டாக்டரிடம் அவர் சொன்னது: "கீழ்ப் பகுதியில் நிலைமை பதற்றமாக இருப்பினும் கட்டுக்குள் உள்ளது." கட்டுக்குள் இல்லை என்பது அவர் எழுந்தபோதுதான் டாக்டருக்குத் தெரிந்ததாம்.

அப்பாவை முதல்முறை கூட்டிக்கொண்டு போனேன். கல்யாணத்துக்குப் போடும் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பை ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்ன முக்காலியின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். டாக்டர் ஹக்காவில், "ஐயா, எங்க வலிக்குது?" என்று கேட்டார்.

அப்பா மாண்டரினில் சொன்னார்: "மிக்க நன்றி, டாக்டர். எனது உடல்நிலை திருப்திகரமாக உள்ளது."

"மேடு ஏறுனா மூச்சு வாங்குதா?"

"தங்கள் அக்கறைக்கு நன்றி."

டாக்டர் இன்னும் நாலைந்து விதமாகக் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னார். கடைசியில் வயிற்றுக்கு ஒரு பொடி கொடுத்தார்கள், அப்பா எழுந்து குனிந்து வணங்கி, ஆரஞ்சுப் பையை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதுதான் அவருக்கு வாய் வந்தது. நல்ல பையன், பாவம், நம்ம பாஷை பேச எவ்வளவு கஷ்டப்படுறான், பேச்சை வளர்த்தா அவனுக்குத்தானே சிரமம், அதனாலதான் சுருக்கமா முடிச்சேன் என்றார். நீங்க ஹக்காவிலேயே சொல்லியிருக்கலாமேப்பா என்றதற்கு, வெள்ளைக் கோட்டு போட்டவர் முன்னால் உட்கார்ந்து தோட்டத்துப் பேச்சு பேசுவதா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சின்ன வயதில் ஹக்கா பேசியதற்காக அப்பாவின் கழுத்தில் மரப்பலகை மாட்டிப் பள்ளி வாசலில் நிறுத்தினார்கள் என்று நீங்கள்தான் ஒரு புத்தாண்டுக்குச் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தோம், அப்பாவும் சிரித்தார். டாக்டரின் மேசைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்த பிறகு அது சிரிக்கிற கதையில்லை என்று தோன்றுகிறது.

அடுத்தமுறை நானே பேசுவது என்று போனேன். மாண்டரின் பேச்சுப்போட்டியில் மாவட்டத்தில் பரிசு வாங்கியவள், எனக்கு என்ன பயம்? மேடு, இலை, மின்கம்பம், முகத்தின் நிறம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அப்பா குறுக்கே பேசவில்லை, நான் முடிக்கும்வரை புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "எனது மகள் கதைப் புத்தகங்களை அதிகம் வாசிக்கிறாள்" என்றார். படுக்கவைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டி ஒரு படம் எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, படுத்திருக்கும்போது இருதயம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும் என்றார். எங்கே தொடங்குகிறது, எங்கே பரவுகிறது, எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை வலிக்கிறவர் வாயால் கேட்டால்தான் அது என்னவென்று தெரியுமாம். "உன் பேச்சை வச்சு நான் சின்ச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். அங்க போயும் திருப்திகரம்னுதானே சொல்வார்? பொடி குடுத்துத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். பெங் அக்காவை விட்டுக் கேட்டுப் பார்த்தேன். அவளிடம் சொன்னால் மதியத்துக்குள் சந்தை முழுக்கத் தெரியும் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உண்மையும்கூட. அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள். ஆகவே உலகத்தில் யாரிடமும் அப்பா சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். ஒருவர் என்பதைவிட மூன்று பேர். அமாவாசைக்கு மறுநாள் மூன்று மலை ராஜாக்கள் கோயிலுக்கு நான் அம்மா கொடுத்த பழத்தட்டோடு போயிருந்தேன். அப்பா எனக்கு முன்பே வந்து மண்டியிட்டிருந்தார். பேரையும் பிறந்த வருஷத்தையும் விலாசத்தையும் சரியாகச் சொல்லாவிட்டால் ராஜாக்கள் வேறு யார் வீட்டுக்காவது போய்விடுவார்கள் என்பதால், எல்லாரும் செய்வதுபோல வாய்விட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

"ராஜா ஐயா, நான் ஃபான் காங்-ஃபா. எருது வருஷத்துல பொறந்தவன். மேட்டுத் தெரு, அரிசி மில்லுக்குப் பின்னாடி வீடு. ஊறுகா ஜாடி மேல கல்லு வைப்பாங்களே, அந்த மாதிரி நெஞ்சுல அழுத்துது. தாடை வரைக்கும் ஏறுது. இடது கை சுண்டு விரல் மரத்துப் போவுது. முன்னல்லாம் மேடு ஏறுனாத்தான் வரும், இப்ப செருப்பு மாட்டக் குனிஞ்சாலே வருது. பொண்ணு மேல படிக்கணும்னு நிக்கிறா. அது முடியற வரைக்கும் மட்டும் தள்ளிப் போடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு, குறி கேட்கும் இரண்டு பிறைக் கட்டைகளையும் தரையில் போட்டார். இரண்டுமே தட்டைப் பக்கம் மேலாக விழுந்து ஆடின. ராஜாக்கள் சிரிக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில் ராஜாக்கள்மேல் கொஞ்சம் கோபம் வந்தது, அதற்காக மறுநாள் ஊதுபத்தி ஏற்றிவிட்டேன். அப்பா சொன்னதையெல்லாம் அங்கேயே மனப்பாடம் செய்தேன். கண் கலங்கியதால் தாடை முதலில் வந்ததா, விரல் முதலில் வந்ததா என்பது மட்டும் குழம்பிவிட்டது.

டாக்டரிடம் ஓடினேன். அவர் முகம் மாறியது. குனிந்தாலே வருகிறது என்ற இடத்தை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வியர்க்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, ராஜாக்கள் கேட்கவில்லையே. அப்போதுதான் சொன்னேன், பௌர்ணமிக்கு அப்பா மறுபடி வருவார், நீங்களும் வந்து பக்கத்தில் மண்டியிடுங்கள் என்று. ஒருவர் சாமியிடம் சொல்வதை ஒட்டுக்கேட்பது தப்பு என்றார். உங்களுக்கு ராஜாக்களிடம் கேட்க எதுவுமே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, இந்த ஊர்க்காரர்கள் ஒரு தடவையாவது என்னிடம் ஹக்காவில் பதில் சொல்ல வேண்டும் என்றார். அப்படியானால் அதைக் கேட்க வாருங்கள் என்றேன். இந்த இடத்தில் நான் வாதத்தில் ஜெயித்தேன் என்பதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பௌர்ணமியன்று அவர் வெள்ளைக் கோட்டு இல்லாமல் வந்து, ஊதுபத்தியைத் தலைகீழாகப் பற்றவைத்து விரலைச் சுட்டுக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்து மெத்தையில் மண்டியிட்டார். அப்பா கண்களை மூடி ஆரம்பித்துவிட்டார். பேர், எருது வருஷம், அரிசி மில், ஊறுகாய்க் கல், தாடை, விரல். டாக்டர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் அவரால் முடியவில்லை. மெல்லிய குரலில் ஹக்காவில், "எவ்வளவு நேரம் நீடிக்குது?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "ஒரு சிகரெட் புடிக்கிற நேரம், ராஜா ஐயா."

"வேர்க்குதா?"

"சட்டை நனைஞ்சிடுது."

"தினமும் எவ்வளவு சிகரெட்டு?"

"அரைப் பாக்கெட்டு." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்குத் தெரியாததா. ஒரு பாக்கெட்டு" என்றார்.

மூன்று ராஜாக்களில் கடைசி ராஜாவின் குரல் இப்படி மியாவ்லி பக்கத்து இழுப்போடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அவ்வளவு அடக்கமாகப் பதில் சொன்னார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். டாக்டர் அடுத்ததாக, "குடும்பத்துல வேற யாருக்காவது இருதய நோய் இருந்துச்சா?" என்று கேட்டார். தாத்தா மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று அவரைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தியது அந்தக் கோயில் வாசலில்தான். ராஜாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள். அப்பா கண்ணைத் திறந்தார். பக்கத்தில் பார்த்தார். சட்டென்று எழுந்து, கைகளைக் காலோடு ஒட்டி நேராக நின்று மாண்டரினில் சொன்னார்:

"வணக்கம், டாக்டர். எனது உடல்நிலை திருப்திகரமாக உள்ளது."

டாக்டர் அன்றே சின்ச்சு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, திங்கட்கிழமைக்கு நேரமும் வாங்கி, என்னிடம் கொடுத்தனுப்பினார். அப்பா அதை வாங்கிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். "ராஜாகிட்ட சொன்னது ராஜாகிட்ட சொன்னதுதான், புள்ள. ஒளிஞ்சு கேட்டு எழுதுன சீட்டு எனக்கு வேண்டாம்" என்றார். அத்தை, நான் நேர்மையாக எழுத வேண்டும், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூடியிருந்ததை நான் திறந்தேன். மன்னிப்புக் கேட்கவும் தயார். ஆனால் பரிசோதனை முடிந்த பிறகு கேட்பேன், அதற்கு முன்னால் கேட்க மாட்டேன். மேடு ஏறக்கூடாது, காத்திருக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கூடைகளை நான் தூக்குகிறேன். நான் பள்ளிக்குப் போனதும் அவர் தூக்குகிறார்.

நீங்கள் ஒரு தடவை "டேய்" என்றால் அப்பா எழுந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சனிக்கிழமை வந்து, முதலில் சாப்பிடுங்கள், அம்மா அரிசித் தட்டை நூடுல்ஸ் செய்வாள். பிறகு, உங்களுக்கு ஏதோ கனவு வந்தது என்று ஆரம்பியுங்கள். என் பெயர் வர வேண்டாம். மாண்டரினில் ஒரு வார்த்தை பேச வேண்டாம். திங்கட்கிழமை காலை நீங்களே அவரைப் பிடித்து பஸ்ஸில் ஏற்ற வேண்டும், ஆஸ்பத்திரியில் அவர் "திருப்திகரம்" என்று வாயெடுத்ததும் அவர் காலை மிதிக்க வேண்டும். நான் பார்த்தவரையில் வேறு வழி இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். அண்ணன்மாருக்குப் படிப்பும், உங்களுக்குக் குறையாத குரலும், வீட்டுக்கு மழை ஈரம் ஏறாத சுவர்களும் கிடைக்க மூன்று ராஜாக்களையும் வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்கள் பாதங்களுக்குப் பணிவுடன்,

ஃபான் சூ-யுவான்

பின்குறிப்பு: அத்தை, ஊருக்கு வர வேண்டாம். சின்ச்சு ஆஸ்பத்திரிக்கு நேராக வாருங்கள். தபால்தலை வாங்குவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. இதைப் பக்கத்துக் கட்டில்காரரின் மகன் தைப்பேக்குத் திரும்பும்போது உங்கள் வீட்டுக் கதவடியில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று காலை அப்பா சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறார், வைத்தியத்துக்கு அல்ல, சண்டைக்கு. கோயிலில் நடந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்று. போகிற வழியிலேயே மாண்டரினில் தயார் செய்துகொண்டு போனாராம். ஆனால் மாண்டரினில் அவருக்கு நன்றிதான் சொல்லத் தெரியும், திட்டத் தெரியாது. வாசலிலேயே ஹக்காவில் ஆரம்பித்துவிட்டார். "சாமிகிட்ட மண்டி போட்டவன் பக்கத்துல உக்காந்து வேவு பாப்பியாடா நீ? என் நெஞ்சு, நான் வச்சிருக்கேன், உனக்கென்ன?" டாக்டரும் ஹக்காவில் விடவில்லை. "நெஞ்சு உங்களதுதான், ஆனா ஐயா, நீங்க செத்தா, சீட்டை மட்டும் எழுதிட்டுச் சும்மா இருந்த டாக்டர் நான்தானே" என்று அவரும் கத்தியிருக்கிறார். காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்து கேட்டார்கள் என்று பெங் அக்கா பிறகு போனில் சொன்னார். நேத்து ராத்திரி படுத்திருக்கும்போதே வந்துச்சு, போதுமா, எழுதிக்கோ என்று அப்பா கத்தியதுதான் கடைசி. டாக்டர் உடனே அறையைப் பூட்டி, அப்பாவைத் தன் காரில் உட்காரவைத்து, என்னைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டார். காருக்குள்ளும் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். டாக்டர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இங்கே இருதய டாக்டர் ஒரு வார்த்தை ஹக்கா அறியாதவர். அப்பா இப்போது ஒரு வார்த்தை மாண்டரின் பேச மறுக்கிறார். டாக்டர் வெங் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆகவே நான்தான் நடுவில் நிற்கிறேன். ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறதாம், நாளைக் காலையில் தொடைவழியாகச் சின்னக் குழாய் விட்டுத் திறப்பார்களாம், சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று இருதய டாக்டர் சொன்னார். அதை அப்பாவிடம் சொன்னேன். பிறகு அவர் அப்பாவைப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள், கேட்க ஏதாவது உண்டா என்று மாண்டரினில் கேட்டார். அப்பா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து ஹக்காவில் சொன்னார்:

"அவருக்குப் புரியற மாதிரி மெதுவாச் சொல்லு, புள்ள. எனக்குப் பயமா இருக்கு."

மாவட்டத்தில் பரிசு வாங்கியவள் நான். அந்த ஒன்றைச் சொல்ல எனக்கு மாண்டரின் வரவில்லை. சீக்கிரம் வாருங்கள், அத்தை.